வீட்டிலிருந்து ஓர் அமிலமும் ஒரு காரமும்

புதிதாகப் பொறுப்பேற்கும் தோழியர் இருவருக்கும்,

முப்பத்தொன்றாம் வயதில் ஓய்வு பெறும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்த்திருக்கிறது. நீண்ட விடுப்பில் வளைகுடா நாட்டுக்குச் சென்றிருந்த வேதியியல் ஆசிரியை திரும்பி வருகிறார். அவருடைய நாற்காலியில் ஐந்தாண்டுகள் அமர்ந்திருந்த நான் எழுந்து இடம் விடுகிறேன். வகுப்புகள் அவருக்கு, சனிக்கிழமைதோறும் கூடும் வேதியியல் மன்றம் உங்கள் இருவருக்கும் என்று தலைமையாசிரியை பிரித்துவிட்டார். அலமாரிச் சாவி, குடுவைகளின் பட்டியல், எந்தக் குழாயைத் திறந்தால் எந்தக் குழாய் ஒழுகும் என்ற விவரம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு செய்தியை முதலில் சொல்லியாக வேண்டும். தன்னடக்கம் கருதி மறைத்தால் பின்னால் வருவது விளங்காது. நான் நன்றாகப் பேசுவேன். மதுரையில் படித்த ஐந்தாண்டுகளிலும் கல்லூரிகளுக்கிடையிலான சொற்போர்களில் என் அணி தோற்றதில்லை. எங்களுக்குப் பயிற்சி அளித்த பேராசிரியர் ஒரே ஒரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப நடத்தினார்: மேடையில் பின்வாங்காதே. தவறான புள்ளியில் நின்றுவிட்டாயா, அந்தப் புள்ளியையே கோட்டையாக்கு; எதிரணி அதைத் தகர்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இந்த ஞானத்தோடும் ஒரு வேதியியல் முதுகலைப் பட்டத்தோடும் திருமணமாகிக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில், உலகம் தோன்றிய கணத்திலிருந்து உப்புத் தோன்றிய கணம் வரை நாற்பது நிமிடம் பேசினேன். மூச்சு வாங்கிக்கொண்டு, ஐயம் இருப்போர் கேட்கலாம் என்றேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, நாளைக்குச் சீருடை கட்டாயமா, அல்லது வெள்ளிக்கிழமை என்பதால் கலர் உடுப்புப் போடலாமா என்று கேட்டாள். அன்றே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிறுமிக்குக் கேட்கும் பழக்கம் குறைவு என்று குறித்துக்கொண்டேன்.

அவள் பெயர் முத்துலட்சுமி. இந்தக் கதையில் அவளும் அவளுடைய தாயும்தான் முக்கியம்.

நம் மாணவியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். பள்ளுருத்திப் பக்கம் குடியிருப்பார்கள். பெற்றோர் நகராட்சிப் பணியிலோ, சந்தையிலோ, ஓட்டல் சமையற்கட்டிலோ இருப்பார்கள். பிள்ளைகள் மலையாளத்தைத் தண்ணீர்பட்ட பாடாக எழுதுவார்கள்; தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். தாய்மாருக்கு நேர்மாறு. பள்ளியிலிருந்து போகும் சுற்றறிக்கை மலையாளத்தில் இருக்கும். ஆகவே பிள்ளை அதை வாசித்து, தனக்கு வசதியான பகுதியை மட்டும் தாய்க்கு மொழிபெயர்க்கும். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய்மார் ஒருவர்கூட வந்ததில்லை. வராததற்குக் காரணம் அக்கறையின்மை என்று ஆசிரியர் அறையில் ஒரு கருத்து உலவியது. நான் வகுப்பில் பாடத்தை ஆங்கிலத்திலும், விளக்கத்தை மலையாளத்திலும், அதட்டலை மட்டும் தமிழிலும் நிகழ்த்திக்கொண்டிருந்ததால், அந்தக் கருத்தை மறுக்கத் தேவையான ஆதாரம் என்னிடம் இல்லை.

மூன்றாம் ஆண்டில் சிக்கல் வந்தது. சனிக்கிழமைப் பிற்பகலில் பள்ளியைத் திறந்து வைத்து ஒரே ஒரு செயல்பாட்டை மட்டும் நடத்தலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. போட்டியில் இரண்டு பேர்: என்னுடைய வேதியியல் மன்றமும், நடன ஆசிரியையின் திருவாதிரைக்களி என்ற கேரளக் குழு நடன அணியும். தலைமையாசிரியை மலையாள இலக்கியம் படித்தவர், நியாயமானவர், நியாயத்தைத் தாளில் பார்க்க விரும்புகிறவர். சனிக்கிழமை நான்கு மணி வரை மகளைப் பள்ளியில் விட்டுவைக்கச் சம்மதம் என்று இருபது பெற்றோர் கையெழுத்திட்ட படிவங்களை வரும் சனிக்கிழமை மாலைக்குள் தந்தால் மன்றம் நீடிக்கும். பத்தொன்பது என்றால் களி. இதுதான் அவருடைய தீர்ப்பு.

மலையாளி வீடுகளிலிருந்து ஒன்பது அல்லது பத்துப் படிவங்கள் நிச்சயம் வரும் என்று தெரிந்தது. மீதி தமிழ் வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். அந்த வீடுகளில், சனிக்கிழமை மகள் எங்கே போகிறாள், அங்கே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எந்தத் தாய் கையெழுத்திடுவாள்? எனவே அவர்களை நேரில் வரவழைத்து, கண்ணெதிரே சோதனை செய்துகாட்டி, அங்கேயே கையெழுத்து வாங்குவது என்று திட்டமிட்டேன். அழைப்பைத் தமிழில் விடுப்பேன். எழுத்தில் அல்ல, குரலில். மன்றத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு. ஐந்தாண்டுக் கோப்பைகளை வென்ற குரல் அல்லவா?

அந்தப் பதிவை இன்றும் வைத்திருக்கிறேன். "அன்பு நிறைந்த அன்னையரே" என்று தொடங்குகிறது. வருகின்ற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, தங்கள் இல்லத்தில் அன்றாடம் புழங்கும் பொருள்களிலிருந்து ஓர் அமிலமும் ஒரு காரமும் கொண்டு வருமாறு வேண்டுகிறது. அமிலம் என்பது கடினமான சொல் என்று எனக்கே தோன்றியதால், அதற்கு மட்டும் விளக்கம் சேர்த்தேன்: "புளிப்புச் சுவையுடைய எலுமிச்சை, புளி, மோர் போன்றவை அமிலம் எனப்படும்." காரத்துக்கு விளக்கம் தரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் படித்த தமிழ்ப் பாடநூல்களில் அமிலம், காரம், உப்பு என்றே இருந்தது. சோப்பும் சுண்ணாம்பும் சோடாவும் எனக்குக் காரம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை, தினமும் இரண்டு வேளை அதைத் தின்றுகொண்டே, நான் மறந்திருந்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேதியியல் கூடம் நிரம்பியது. முப்பதுக்கும் மேற்பட்ட தாய்மார். இதுவரை பள்ளிப் படியேறாத தமிழ்த் தாய்மார் பதினேழு பேர். நான் வாசலில் நின்று எண்ணினேன். உள்ளே ஒரு வெற்றி முரசு அதிர்ந்தது. தலைமையாசிரியை ஒரு மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். நடன ஆசிரியை தம் அணியோடு வராந்தாவில் காத்திருந்தார்.

கொண்டுவந்தவற்றை மேசையில் வைக்கச் சொன்னேன். மேசையின் இடப்பக்கம் மலையாளித் தாய்மார். பொட்டலம் பொட்டலமாக வெள்ளைத் தூள்: அப்பக்காரம் எனப்படும் சமையல் சோடா, அலக்குகாரம் எனப்படும் சலவைச் சோடா, கொஞ்சம் சுண்ணாம்பு. எல்லாம் அப்பழுக்கற்ற காரங்கள். வலப்பக்கம் தமிழ்த் தாய்மார். வரமிளகாய். பச்சைமிளகாய். மோர்மிளகாய். மிளகு. இடித்த மிளகு. ஒரு பிளாஸ்க் நிறைய மிளகு ரசம். பூண்டு ஊறுகாய். பேக்கரியில் வாங்கிய ஒரு பாக்கெட் காரச்சேவு.

புளிப்பு என்று ஒரு சுவையைச் சொல்லிவிட்டு அடுத்ததாகக் காரம் என்றால், அறிவுள்ள யாரும் அடுத்த சுவையைத்தான் எடுத்து வருவார்கள். தவறு அவர்களுடையது அன்று. கொடுமை என்னவென்றால், மலையாளத்தில் காரம் என்றால் சோடாதான் என்பதால், நான் தேர்ந்தெடுத்த தூய தமிழ்ச் சொல்லை மலையாளிகள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்; தமிழர்கள்தான் வேறாகப் புரிந்துகொண்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயான ரம்லத், தம் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் பிளாஸ்கை வியப்போடு பார்த்தார்.

"காரம் எந்நு டீச்சர் பறஞ்ஞப்போ ஞான் அலக்குகாரம் எடுத்து," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "இவரு சோறும் கூட்டானும் கொண்டு வந்நல்லோ."

சோறும் குழம்பும் என்ற அந்தச் சொல் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே பதினேழு முகங்கள் மெல்ல இடப்பக்கத்து வெள்ளைப் பொட்டலங்களைப் பார்த்தன. பிறகு தங்கள் மிளகாயைப் பார்த்தன. ஒருவர் காரச்சேவைப் பைக்குள் திரும்ப வைக்கத் தொடங்கினார். மிளகாய் நெடியில் இரண்டு முறை தும்மிய தலைமையாசிரியை, இது ஆய்வுக்கூடமா, பலசரக்குக் கடையா என்று என்னிடம் தணிந்த குரலில் விசாரித்தார்.

தோழியரே, நெருக்கடி என்று நான் சொல்வது இந்த இடத்தை. குடுவை வெடிப்பதும் அமிலம் சிந்துவதும் நெருக்கடி அல்ல. அவற்றுக்குச் சுவரில் அறிவுரை ஒட்டியிருக்கிறது. முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பதினேழு பேர் வெட்கப்பட்டு வெளியேறப் போகிறார்கள், அதற்குக் காரணம் உங்கள் நாக்கு, உங்களுக்கு இருப்பது அரை நிமிடம் என்ற நிலைக்கு எந்தச் சுவரிலும் அறிவுரை கிடையாது.

சரியான செயல் எளிதானது: "என் சொல் குழப்பியது, மன்னியுங்கள்." ஆறு நொடி போதும். ஆனால் என் வாய்க்கு அந்த வாக்கியம் பழக்கமில்லை. பேராசிரியரின் குரல்தான் கேட்டது. நின்ற புள்ளியையே கோட்டையாக்கினேன்.

"அன்னையரே, ஒரு பொருளையும் உள்ளே வைக்க வேண்டாம்," என்று தொடங்கினேன். தமிழ் மூத்த மொழி என்றேன். ஒரு மொழி இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயரை வைத்தால் அதற்கு ஆழ்ந்த காரணம் இருக்கும் என்றேன். நாக்கைச் சுடும் மிளகும் தோலை அரிக்கும் சோடாவும் ஒரே குடும்பம் என்பதை நம் முன்னோர் அறிந்தே பெயரிட்டார்கள் என்றேன். மிளகுக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருளின் பெயரைச் சொல்லி, அது காரத்தின் தூரத்து உறவு என்றும் சேர்த்தேன். அது முழுப் பொய் அன்று, மெலிந்த உண்மை. மெலிந்த உண்மையை மேடையில் ஏற்றினால் எவ்வளவு பருமனாகத் தெரியும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

பிறகு சோதனை. சிவப்பு லிட்மஸ் தாள் காரத்தில் பட்டால் நீலமாகும் என்று விளக்கி, ரம்லத்தின் அலக்குகாரக் கரைசலில் நனைத்துக் காட்டினேன், நீலம். அடுத்து மிளகாய் ஊறிய நீர். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"மாறலயே டீச்சர்," என்றாள் முத்துலட்சுமி. கேட்கும் பழக்கம் குறைவு என்று நான் குறித்துவைத்த அதே முத்துலட்சுமி.

வலிமை குறைந்த காரம், பொறுமை வேண்டும் என்றேன். மிளகு நீர், சிவப்பு. ரசம், அதில் புளி இருந்ததால் இன்னும் செக்கச்சிவப்பு. ரசத்தை விலக்கு என்று அறிவித்தேன். ஊறுகாயையும் விலக்கினேன். வராந்தாவில் நடன ஆசிரியை தம் மாணவியரை வரிசையில் நிற்கவைக்கும் ஒலி கேட்டது.

மேசையின் கோடியில் ஒரு கைக்குட்டையில் நாலைந்து துண்டுச் சுக்கு இருந்தது. நல்ல வெளுப்பான, பருத்த துண்டுகள். வேறு வழியில்லாமல் ஈரத் தாளை அதன்மேல் அழுத்தினேன்.

தாள் நீலமாக மாறியது.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணத்தில் நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தக் கோப்பையும் எனக்குத் தந்ததில்லை. தாளை உயர்த்திப் பிடித்தேன். "சுக்கும் காரமே! எம் அன்னையர் ஏந்தி வந்த காரமும் காரமே!" என்று முழங்கினேன். தமிழ்த் தாய்மார் கைதட்டினார்கள். மலையாளித் தாய்மாரும் பெருந்தன்மையோடு தட்டினார்கள். பைக்குள் போன காரச்சேவு மீண்டும் மேசைக்கு வந்தது. இலக்கியம் படித்த தலைமையாசிரியைகூட இரண்டு தட்டுத் தட்டினார். இதே சூட்டில் படிவங்களை நீட்டினால் இருபதுக்குக் குறையாது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

கைக்குட்டைக்கு உரியவர் மட்டும் தட்டவில்லை. முத்துலட்சுமியின் தாய் பேச்சியம்மாள். பஜாரில் ஒரு பாண்டிகசாலையில், அதாவது மசாலாக் கிடங்கில், சுக்கும் மிளகும் தரம்பிரிக்கும் வேலை. பிற்பகலுக்கு மட்டும் அனுமதி கேட்டு, சேலைத் தலைப்பில் சுக்குத் தூசியோடு வந்திருந்தார்.

"டீச்சரே, அது வந்து..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

"பிறகு பேசலாம் அம்மா," என்றேன். என் பணிக்காலத்தில் நான் பேசியவற்றுள் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது வரம் தந்தால், அந்த மூன்று சொற்களைத்தான் பெறுவேன்.

பேச்சியம்மாள் வாயை மூடிக்கொண்டார். நான் படிவக் கட்டை எடுத்தேன். முதல் படிவத்தை நீட்டும்போது முத்துலட்சுமி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"டீச்சர், அம்மா பத்து வருஷமா சுக்குப் பொறுக்குது. என்ன சொல்லுதுன்னு ஒண்ணு கேளுங்க."

கையில் படிவம், எதிரே மாணவி. கேட்டால் என்ன வரும் என்று தெரியாது. கேட்காமல் விட்டால் இருபது கையெழுத்து உறுதி. ஒரு சொற்போர் வீராங்கனை இந்த இடத்தில் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வேதியியல் ஆசிரியை என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "சொல்லுங்கம்மா," என்றேன்.

"அது சுக்கு மாத்துனதில்ல டீச்சரே," என்றார் பேச்சியம்மாள். "மேல கிடக்குற சுண்ணாம்பாக்கும். வெளுப்பாத் தெரியட்டும்னு சுண்ணாம்புத் தண்ணியில முக்கி உணத்துறது. இது போன வாரம் முக்கின சரக்கு. என் கை எரிச்சல் இன்னும் போகல, பாருங்க."

விரல்களை விரித்துக் காட்டினார். நுனிகளில் தோல் உரிந்திருந்தது. பிறகு என் அனுமதிக்குக் காத்திராமல் மேசையிலிருந்த சிறு கத்தியை எடுத்தார். ஒரு துண்டின் மேல்தோலைச் சுரண்டி ஓரமாகக் குவித்தார். சுக்கை இரண்டாகப் பிளந்தார். மகளிடம் இரண்டு தாள் கேட்டு வாங்கி, ஈரமாக்கி, ஒன்றைச் சுரண்டிய தூளில் வைத்தார். மற்றொன்றைப் பிளந்த முகத்தில் வைத்தார். தூளில் பட்டது நீலமானது. சுக்கின் உள்முகத்தில் பட்டது சிவப்பாகவே கிடந்தது.

"உள்ள எரிப்புதான் இருக்கு. காரம் மேலதான்," என்றார்.

பாடநூலில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். மூன்றாண்டுகளாக நான் அதை வகுப்பில் வரையறுத்துக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகல் ஒரு முறைகூட நான் அதைச் செய்யவில்லை.

தாள்களைக் கீழே வைத்தேன். "நான் சொன்னது தவறு," என்றேன். வாக்கியம் சிறியது, வெளியே வர வெகுநேரம் எடுத்தது. மிளகும் மிளகாயும் சுக்கும் காரச்சுவை உடையவை. வேதியியல் சொல்லும் காரம் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விளக்காமல் அழைத்தது என் பிழை. அதை மறைக்கப் பேசியது இரண்டாவது பிழை. இவ்வளவையும் அடுக்குமொழி இல்லாமல் சொன்னேன். மலையாளத்திலும் ஒரு முறை சொன்னேன். என் மலையாளத்தில் அது இன்னும் பணிவாக ஒலித்தது, ஏனென்றால் அந்த மொழியில் எனக்கு ஆணவப்படும் அளவுக்குச் சொல்வளம் கிடையாது.

கூடம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சி நின்றேன். பேச்சியம்மாள்தான் கத்தியைத் துடைத்து வைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"அதுக்கென்ன டீச்சரே, நீங்க சுக்குப் பொறுக்குனதில்லல்லோ."

முதலில் சிரித்தவர் ரம்லத். அவரை அடுத்து எல்லோரும். அதன்பின் கூடம் என் கையில் இல்லை. யாரும் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பிரிவு கலைந்தது. தாளைக் கிழித்துக் கிழித்துக் கையில் கிடைத்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள்: எலுமிச்சை, சோப்பு, வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒருவரின் ரோஸ் பவுடர், தலைமையாசிரியையின் இருமல் மருந்து. காரச்சேவை நுணுக்கி நீரில் கரைத்தபோது தாள் லேசாக நீலம் காட்டியது. மாவில் யாரோ அப்பக்காரத்தைத் தாராளமாகப் போட்டிருக்க வேண்டும். இரண்டு பொருளிலும் காரமாக இருந்த ஒரே பொருள் என்று அதற்கு அன்று முதலிடம் அளிக்கப்பட்டது. பிறகு அது தின்று தீர்க்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் தின்னக்கூடாது என்று நீங்கள் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொல்லும் தகுதியை அன்று இழந்துவிட்டேன்.

நான்கு மணிக்குப் படிவங்களைச் சேகரித்துத் தலைமையாசிரியையின் முன் வைத்தேன். எதையும் எதிர்பார்க்கும் நிலையில் நான் இல்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, ஓரமாக அடுக்கினார். நடன ஆசிரியையும் பக்கத்தில் வந்து நின்றார். பத்தொன்பது வந்தது. இருபதாவது தாளை எடுத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார்.

படிவம் மலையாளத்தில் இருந்தது. மேல்வரியில் மாணவியின் பெயர் எழுத வேண்டும். கீழ்வரியில் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். மேல்வரியில், மாணவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தமிழில் நிதானமாக உருட்டி உருட்டி எழுதியிருந்தது: பேச்சியம்மாள். கீழ்வரியில், காப்பாளர் என்ற இடத்தில், மலையாளத்தில் சுறுசுறுப்பான கையெழுத்து: முத்துலட்சுமி.

இது செல்லாது, ஆகவே பத்தொன்பதுதான் என்றார் நடன ஆசிரியை. அவர் சொன்னது சட்டப்படி சரி. நான் முத்துலட்சுமியை அழைத்தேன். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. இடம் மாறி எழுதியிருக்கலாம். ஆனால் இவளுக்குத் தெரியுமே?

"நீ இதை வாசித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாய்?"

"வாசிச்சேன் டீச்சர்."

"பிறகு ஏன் திருத்தவில்லை?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே பேச்சியம்மாள் நீலமான ஒரு தாளை ரம்லத்திடம் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா தெரியாமத்தான் எழுதுச்சு. ஆனா அதுக்கு அடுத்த சனியும் வரணும்னு ஆசை. நேரா கேட்டா நாணம் பிடிச்சு வேண்டாம்னு சொல்லும். அதான் கீழ நான் ஒப்பு போட்டேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. எழுதுகிற இந்த நேரம்வரை, என் வாழ்வில் நான் செய்த மிகச் சிறந்த வாதம் அதுதான் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியை தாளை இன்னொரு முறை பார்த்தார்.

"அம்மையுடெ பேரு. மகளுடெ ஒப்பு. ரண்டாள்க்கும் சம்மதம்," என்றார். பிறகு நடன ஆசிரியையின் பக்கம் திரும்பி, "ரக்ஷிதாவு மைனராணு, சாரமில்ல," என்று சொல்லி, காப்பாளர் பருவம் எய்தாதவர் என்பதைப் பொருட்படுத்தாமல், அந்தத் தாளையும் அடுக்கின்மேல் வைத்தார். களி அணிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஒதுக்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். இருபதாவது பெயரைப் படித்தேன்.

"பேச்சியம்மாள்."

பதில் இல்லை. அவ்வளவுதான் என்று நினைத்து நிமிர்ந்தேன். முத்துலட்சுமி எழுந்து வந்தாள். நாலாக மடித்த ஒரு தாளை, அலுவலக முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினாள்.

கிடங்கில் சுக்கு லோடு வந்திருப்பதால் மேற்படி மாணவி அரை மணி நேரம் தாமதமாக வருவார் என்றும், அருள்கூர்ந்து அனுமதிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே காப்பாளரின் கையொப்பம்.

"இதுதான் கடைசி முறை டீச்சர்," என்றாள். "நான் வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்."